மிஸ் விரல் வைத்த புள்ளி

செவ்வாய்

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் செய்முறைத் தேர்வு. மூக்கிலும் கன்னத்திலும் வெயிலால் வருகிற சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளை ஒப்பனைப் பென்சிலால் கொண்டுவர வேண்டும். பாடம் எடுக்கும் மிஸ் கையெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பார். "இது பென்சில்" என்று மூன்று புள்ளிகளில் விரல் வைத்துவிட்டால் தோல்வி. தேறினால் நாடகக் குழுவில் வேலை. போன முறை கோட்டைவிட்டேன். இன்னொரு முறை கிடையாது.

தங்கச்சியை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஸ்கேல் பிடித்து, நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்றாக அறுபது புள்ளி வைத்தேன். கண்ணுக்குக் கீழே அவளுக்கு இருக்கிற மச்சத்தை மட்டும் தொடவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

"அக்கா, இது மூஞ்சியா, தபால்தலை ஓரமா?"

வகுப்பு நோட்டில் 'இடைவெளி தவறு' என்று எழுதினேன். நானே தவறோ என்றும் தோன்றியது. அதை அங்கே எழுதவில்லை.

புதன்

தெருமுனையில் சாவி செய்கிறவருக்கு முகம் நிறைய நிஜப் புள்ளிகள். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. கேட்கக் கூச்சமாக இருந்ததால், நன்றாக இருக்கிற வீட்டுச் சாவிக்கே இன்னொன்று போடச் சொன்னேன்.

"சாவி இங்க இருக்கு. நீ ஏம்மா என் மூக்கையே பாக்குற?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நல்லா பாத்துக்கோ. இதுக்கு டூப்ளிகேட் போட என்னால ஆகாது."

ஒன்றுகூட வட்டமாக இல்லை. சில ஜோடியாக ஒட்டிக் கிடந்தன. சில, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவு வெளிறல். ஒன்று இமைமேல், ஒன்று உதட்டோரம். தெருவெயில் படுகிற இடது கன்னத்தில்தான் கூட்டம் அதிகம்.

வியாழன்

தங்கச்சிக்கு டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அங்கே வெயில் வலப்பக்கம் விழும். அதனால் வலது கன்னத்தில் கூடுதலாக வைத்தேன். இரண்டு விதப் பழுப்புப் பென்சில். வைத்து, பாதி காயவிட்டு, விரல்நுனியால் ஒற்றியதும் ஓரம் கரைந்து தோலோடு போனது. வரிசை வந்துவிடக் கூடாதென்று சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே வைத்தேன்.

"குத்திடாதக்கா, நாளைக்கு நான் சில்லறை எண்ணணும்!"

வெள்ளி

மிஸ் தங்கச்சியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். முதல் விரல் மூக்குநுனியில். "இது பென்சில்." சரிதான், அழுத்திவிட்டேன். இரண்டாவது உதட்டோரம். அதுவும் சரி. அப்புறம் இரண்டு கன்னத்தையும் பார்த்து முடித்தார். நிமிரப் போனவர் மறுபடி குனிந்து கண்ணுக்குக் கீழே விரல் வைத்தார்.

"இதுவும். அப்பட்டமாத் தெரியுது."

மூன்றாவது விரல். தங்கச்சிதான், "மிஸ், அது நான் பொறக்கும்போதே கொண்டுவந்தது" என்றாள்.

மிஸ் நம்பாமல் ஈரப்பஞ்சால் தேய்த்தார். சுற்றியிருந்த என் புள்ளிகள் பஞ்சோடு வந்தன. மச்சம் அப்படியே இருந்தது.

"அழுக்குன்னு நெனச்சு எங்கம்மாவே தேய்ச்சுப் பாத்துட்டாங்க, மிஸ்."

மிஸ் சிரித்துவிட்டார். "சரி, ரெண்டுதான். திங்கக்கிழமை நாடகக் குழுவுல போய் நில்லு."

சந்தோஷம்தான். ஆனால் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. நிஜமானது ஏன் பொய்யாகத் தெரிந்தது? வீட்டுக்கு வந்ததும் அந்த மச்சத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நல்ல வட்டம், வெட்டின மாதிரி ஓரம், ஒரே அடர்த்தி. செவ்வாய்க்கிழமை வைத்த அறுபதையும் இதைப் பார்த்துத்தான் வைத்தேனா?

"வேலைதான் கெடச்சிடுச்சே, மூஞ்சிய விடேன். பசிக்குது."

"ஒரு நிமிஷம். அசையாத."