சேம்பிலை நைட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் நாத்தனார் தன்யா என் வயிற்றெரிச்சலை உடுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புது நைட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு. எங்கள் வீட்டுக்குப் பின்தெருதான் அவள் வீடு, அதனால் நைட்டியோடு வருவதற்கு யோசிக்க மாட்டாள். அந்த நைட்டி முழுக்கச் சேம்பிலை.

“மைனி, இத பாத்தியளா? உங்களுக்க சாரி மாதிரியே இருக்குன்னு எடுத்தேன். கருங்கல் ஜங்ஷன்ல, சுயம்பு அண்ணன் கடையில குவிச்சுப் போட்டிருக்கு,” என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

எனக்குக் கோபம் உடனே வரவில்லை. அசதிதான் வந்தது. விடிகாலையிலிருந்து நின்றுகொண்டே ஒரு புடவைக்கு அச்சு வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இலையை நான் வரைந்தது போன வருடம் ஆனி மாதம். மழை விடாமல் பெய்த வாரம் அது. குளிக்கிற தண்ணீர் வெளியே ஓடித் தேங்கும் மூலையில் சேம்பு தானாக முளைத்து இடுப்பு உயரத்துக்கு நின்றது. வெட்டிச் சுத்தம் செய்யவேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன், முடியவில்லை. சரி, வெட்டத்தான் முடியவில்லை, வரையவாவது செய்வோம் என்று நோட்டை எடுத்தேன். நாலு இலை, விரியாமல் சுருண்டு நிற்கும் ஒரு குருத்து. ஒரு இலையில் புழு ஓட்டை போட்டிருந்தது, அந்த ஓட்டையையும் வரைந்தேன். பிறகு தேக்குத் துண்டில் அச்சாகச் செதுக்கும்போது உளி வழுக்கி, சின்ன இலையின் தண்டில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. வேறு பலகை இல்லை. இருந்திருந்தாலும் மறுபடி செதுக்க எனக்குத் தெம்பு இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு புடவைக்கு அந்த அச்சை இருநூற்று அறுபது தடவை சாயத்தில் ஒற்றி, துணியில் வைத்து, உள்ளங்கையின் அடியால் குத்தவேண்டும். நூறு தாண்டும்போது தோள்பட்டை பேச ஆரம்பிக்கும். இருநூறு தாண்டினால் திட்டும். அதற்கு முன்னால் முருங்கைப்பூ போட்டிருக்கிறேன், கிணற்றுக் கப்பி போட்டிருக்கிறேன், ஜன்னல் கம்பியில் படர்ந்த கோவைக்கொடிகூடப் போட்டிருக்கிறேன். எதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேம்பிலைப் புடவையை இன்ஸ்டாகிராமில் போட்டபோதுதான் நாலாயிரம் பேர் இதயம் போட்டார்கள். “பார்த்தாலே மனசு அமைதியாகுது” என்று சென்னையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். வீட்டைச் சுத்தம் செய்யவில்லையே என்ற கவலையில் வரைந்த இலை அது. இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபத்தெட்டுப் புடவை போயிற்று. அந்த நாலாயிரம் பேரில் எவனோ ஒருவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது.

தன்யாவின் நைட்டி ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். புழு போட்ட ஓட்டை இருந்தது. மெஷின்காரனுக்கு அதை அடைக்கக்கூடத் தோன்றவில்லை. தண்டில் அந்த வெட்டும் இருந்தது. முழங்காலில், முதுகில், கையில் என்று எங்கே பார்த்தாலும் என் உளி வழுக்கிய இடம்.

“என்ன மைனி அப்பிடிப் பாக்கிய?”

உள்ளேயிருந்து வந்த என் வீட்டுக்காரர் அனில்குமார்தான் பதில் சொன்னார். “ஏட்டி, இது இவ வரச்சதாக்கும். எவனோ களவாண்டு அடிச்சிருக்கான்.”

தன்யாவின் முகம் வாடிவிட்டது. “எனக்குத் தெரியாது மைனி. நான் இத இப்பமே கழத்திப் போடட்டா?”

கழற்றிப் போட்டுவிட்டு எதை உடுத்திக்கொண்டு தெருவில் போவாள்? உட்காரச் சொல்லி டீ போட்டேன்.

இதெல்லாம் வேறு ஏதாவது ஒரு வாரத்தில் நடந்திருந்தால் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் வியாழக்கிழமை நாகர்கோவிலில் தேர்வு இருந்தது. தை மாதம் சென்னையில் பத்து நாள் கைத்தொழில் கண்காட்சி. எங்கள் மாவட்டத்திலிருந்து துணி அச்சுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார்கள். நானும் வீட்டுக்காரரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். எடுத்தால் இந்த வேலையைத் தொடர்வது. எடுக்காவிட்டால், அவருடைய பெரியப்பா மகன் ஸ்ரீகுமார் அண்ணனின் டைல்ஸ் கடையில் நான் பில் போடும் வேலைக்குப் போவது. அவரையும் குறை சொல்ல முடியாது. டெம்போ ஓட்டிவிட்டு வந்து, எனக்காகத் துணி அலசி, உலர்த்தி, தேய்த்து, நாலு வருடமாக அவரும் ஓய்ந்துபோயிருந்தார். தேர்வுக்குக் காட்ட நான் எடுத்து வைத்திருந்தது இந்தச் சேம்பிலைதான்.

திங்கட்கிழமை கருங்கலுக்குப் போனேன். சுயம்பு அண்ணன் கடை வாசலில் என் இலைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பச்சையில், நீலத்தில், எனக்கு ஒருநாளும் தோன்றியிராத ஒரு ரோஸ் நிறத்தில். அண்ணன் நெற்றியில் நாமத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“வா மக்கா. எந்த சைஸ் வேணும்?”

“அண்ணே, இது எனக்க டிசைன். நான் வரச்சது.”

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். நோட்டையும் அச்சையும் எடுத்துக் காட்டினேன். அவர் அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சத்தியமாட்டு நீயா வரச்ச? அப்பம் இது நம்ம ஊர் சாதனமாக்கும்.” பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் திரும்பி, “பாத்தியா, இந்தப் பிள்ள வரச்சதாக்கும் இது. நல்ல ஓட்டம். கொண்டாந்தா ரெண்டு நாள் நிக்காது,” என்றார்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, “எக்ஸ்எல் இருக்கா?” என்று என்னிடமே கேட்டாள்.

“இத ஆரு அடிக்கியாவ அண்ணே?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது மக்கா. வடக்க இருந்து துணிக்கெட்டு பேலாட்டு வரும். பேலுக்கு மேல ஒரு நம்பர் கெடக்கும். பேரு இருக்காது. கேஸ் குடுக்கணும்னாலும் அந்த நம்பருமேலதான் குடுக்கணும்.”

தேர்வுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று ஒரு பச்சை நைட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மடித்துப் பையில் போட்டார். ரூபாயை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்.

“வரச்சவகிட்ட ரூவா வாங்கப்பிடாது மக்கா. கொண்டு போ.”

மனுஷர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த இலைக்காக அதை அடித்து விற்றவர்கள் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நைட்டிதான்.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிடும்போது வீட்டுக்காரர் சொன்னார். “நைட்டிய நீயாட்டு எடுத்துக் காட்டாத. கேட்டா மட்டும் காட்டு.” நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதிகாரிகள் நைட்டியைப் பார்த்திருக்கப் போகிறார்களா என்ன என்று ஒரு நப்பாசை.

தேர்வு அறையில் அதிகாரி ஒரு வெளியூர் அம்மாள். மேஜை முழுக்க ஓலைப்பெட்டியும் சங்கு மாலையும் மரப்பொம்மையுமாகக் கிடந்தன. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார். பக்கத்தில் ராஜபாய் என்று ஒரு கிளார்க் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நான் புடவையை விரித்ததும் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இலைமேல் விரலை வைத்து நரம்போடு ஓட்டிப் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கும்மா,” என்றார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ராஜபாய் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “மேடம், இது நைட்டி டிசைனாக்கும். எனக்க வீட்டுல ரெண்டு கெடக்கு.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். நான் பையிலிருந்து நைட்டியை எடுத்துப் புடவை பக்கத்தில் விரித்தேன். தேதி போட்ட நோட்டை வைத்தேன். அச்சை வைத்தேன். தண்டில் இருந்த வெட்டை மூன்றிலும் தொட்டுக் காட்டினேன். உளி வழுக்கிய கதையைச் சொன்னேன். புழு ஓட்டையைக் காட்டினேன். அம்மாள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அவசரப்படவே இல்லை.

“நீங்கதான் வரைஞ்சிருக்கீங்க. எனக்குச் சந்தேகமே இல்ல,” என்றார்.

“அப்பம் எடுத்துக்கிடலாமே மேடம்?”

“சென்னையில வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தத் தண்டைக் காட்டிக்கிட்டிருப்பீங்களா? பிளாட்பாரத்துல தொங்குறத அங்க யார் வாங்குவா? வேற என்ன வச்சிருக்கீங்க?”

முருங்கைப்பூவையும் கப்பியையும் காட்டினேன். பார்த்தார். சுமார்தான் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரியும். “அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு வரைஞ்சு கொண்டாங்க,” என்றார். ராஜபாய் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவர் நம்பாமல் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அதற்கு வேண்டிய எல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. நம்பிவிட்டார். நம்பிய பிறகு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. புடவையை மடித்து, நைட்டியை மடித்து, அச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பல நாள் மழைக்குப் பிறகு அன்றைக்கு மதியம் வெயில் அடித்தது. எல்லோரும் கொடியில் துணி போட்டிருந்தார்கள். திங்கள்சந்தை வருவதற்குள் பஸ் ஜன்னலிலிருந்து என் இலைகளை மூன்று வீட்டில் பார்த்தேன். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டார். நானே சொன்னேன். “ஸ்ரீகுமார் அண்ணன்கிட்ட ஒண்ணாந்தேதி வாறேன்னு சொல்லிருங்க.”

அவர் பையை உள்ளே கொண்டு வைத்தார். பிறகு, “ஒரு வருசம் கூடப் பாப்பமா? வேற ஒண்ணு வரச்சுப் பாரு,” என்றார்.

“எனக்கு வய்யா,” என்றேன்.

வரைவதற்கு வய்யா என்றுதான் அவர் நினைத்திருப்பார். எனக்கு வரைய முடியும். வரைந்து, செதுக்கி, இருநூற்று அறுபது தடவை குத்தி, அதன் பிறகு அது என்னுடையது என்று ஊர் ஊராக நிரூபிக்கத்தான் வய்யா.

மறுநாள் விடிந்ததும் மறுபடி மழை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் அலமாரியில் உலர்ந்த துணி ஒன்றும் இல்லை. பைக்குள் இருந்த பச்சை நைட்டிதான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். சரியான அளவு. துணி மெல்லிசு, இரண்டாவது நிறம் இலையின் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. நான் அடித்திருந்தால் இப்படி விடமாட்டேன். கண்ணாடியில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தெட்டுப் புடவை விற்றிருக்கிறேன். ஒன்றைக்கூட எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கேட்டவர்களுக்கே போதவில்லை. நான் வரைந்த இலையை நான் உடுத்துவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அழகாகத்தான் இருந்தது. அது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

வெளியே, “மீனே,” என்று சத்தம் கேட்டது. முட்டத்திலிருந்து மீன் கொண்டுவரும் குளோரி அக்கா. வருடக்கணக்காக வருகிறார். கேட்டுக்கு வெளியே பாத்திரத்தை இறக்குவார், மீனைக் கொடுப்பார், போய்விடுவார். வீட்டுக்குள்ளே நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டதில்லை. துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டியோடு போனேன்.

“சாளை உண்டு மக்களே. நல்ல நெய்ச்சாளை.” எடுத்துப் போடும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். “நைட்டி புதுசா? நல்லா இருக்கே. எங்க எடுத்த?”

நான் வரைந்தது அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஓட்டையைக் காட்டவேண்டும். தண்டைக் காட்டவேண்டும். உள்ளே போய் அச்சை எடுத்து வரவேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவரும் நம்புவார்.

“கருங்கல்ல அக்கா. சுயம்பு அண்ணன் கடையில,” என்றேன்.

“அழகாட்டு இருக்கு. டிசைன் கொள்ளாம்,” என்றார்.

“ஆமா,” என்றேன். “கொள்ளாம்.”