தலையணை உறையில் விழுந்த ஓட்டுகள்

அந்தச் சலவைக்கூடத்தில் மூன்று விதமான ஆட்சியையும் பார்த்தவர் மடிப்பு அக்கா. இருபத்திரண்டு வருடம் மடிப்பு மேசையில் நின்றதால் வந்த பெயர் அது. முதலில் இருந்தது முதலாளியின் ஆட்சி. அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்குத் தலைவலி என்றால் அன்று எல்லாருக்கும் வசவு. அவர் படுத்த படுக்கையானதும் கூடம் மூன்று மேற்பார்வையாளர்களின் கைக்குப் போனது. தங்கள் ஆட்களுக்கு லேசான வேலை, மற்றவர்களுக்கு நீராவியில் வேகிற வேலை என்று பிரித்தார்கள். ஏன் என்று கேட்டவர் மறுநாள் வாசலுக்கு வெளியே நின்றார். இரண்டே வருடத்தில் ஆஸ்பத்திரிகள் துணி அனுப்புவதை நிறுத்தின. கதவுக்குப் பூட்டு விழுந்தது.

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் தொழிலாளர்கள். முப்பத்துநாலு பேரும் சேர்ந்து கூடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பது, ஒரு முறைக்கு இரண்டு வருடம், ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடைசி விதியை விடாப்பிடியாக எழுத வைத்தவர் பாய்லர் பார்க்கிறவர். யார் எதைச் சொன்னாலும் "ஆனா..." என்று ஆரம்பிப்பதால் அவருக்கு ஆனா அண்ணன் என்றே பெயர்.

முதல் தலைவி மடிப்பு அக்கா. நான்கு வருடம் உயிரைக் கொடுத்து உழைத்தார். நின்ற இயந்திரங்கள் ஓடின. போன ஆஸ்பத்திரிகள் திரும்பின. போதாததற்கு, புதிதாக ஒரு பெரிய ஹோட்டலின் துணியும் வந்தது. அந்த ஒப்பந்தத்தை மட்டும் அவர் யாரையும் கேட்காமல் போட்டார். நல்ல காரியத்துக்கு எதற்குக் கூட்டம் என்று நினைத்துவிட்டார்.

இரண்டாவது முறையும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி உருளைகளுக்கு நடுவே எல்லாரும் கூடினார்கள். வேன் ஓட்டும் அக்காவின் கொழுந்தன் முதல் ஆளாக எழுந்தான்.

"எதுக்குங்க இனிமே தேர்தல்? அண்ணி மாதிரி ஒரு ஆள் கிடைப்பாங்களா? அந்த விதியை அடிச்சுட்டு, இருக்கிற வரைக்கும் அவங்களே தலைவின்னு எழுதிடுவோம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அக்காவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

"ஆனா..." என்று பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"ஆரம்பிச்சுட்டாருப்பா!" "உக்காருங்கண்ணே!" "நல்லது நடக்கும்போது குறுக்கே விழாதீங்க!"

சத்தம் தாங்காமல் அவர் உட்கார்ந்துவிட்டார். ஒழிந்தது என்று அக்காவும் ஒரு கணம் நினைத்தார். அப்போதுதான் இன்னொரு கை கண்ணில் பட்டது. அழுக்குத் துணி பிரிக்கும் பெண், பாதி தூக்கிய கையை மெல்ல இறக்கி மடியில் ஒளித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர்கள் காலத்தில் தானும் இப்படித்தான் கையை இறக்கியது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"எல்லாரும் வாயை மூடுங்க," என்றார். "அண்ணே, நீங்க முழுசா சொல்லுங்க."

ஆனா அண்ணன் தயங்கியபடி எழுந்தார். "ஆனா, நாளைக்கு நீயே தப்பு பண்ணினா யாரும்மா சொல்றது? முதலாளிகிட்ட பயந்துகிட்டு சொல்லல. உன்கிட்ட பாசத்துல சொல்ல மாட்டோம். ரெண்டுலயும் வாய் மூடித்தானே கிடக்கு?"

அக்கா துணி பிரிக்கும் பெண்ணைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லக்கா."

"பரவாயில்ல, சொல்லு."

அவள் வலது கையை நீட்டினாள். கட்டைவிரலில் ஆறிப்போன ஒரு சின்ன வடு. "ஹோட்டல் துணி வந்ததிலேருந்து இடம் பத்தல. ஆஸ்பத்திரித் துணியையும் அதே மேசையிலதான் அவசர அவசரமா பிரிக்கிறோம். போன மாசம் போர்வைக்குள்ள இருந்த ஊசி குத்திருச்சு. ரத்தப் பரிசோதனை பண்ணிட்டேன், பயமில்லன்னுட்டாங்க. ஆனாலும் மூணு வாரம் எனக்குத் தூக்கமே இல்லக்கா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஆசையா கொண்டுவந்த வேலையாச்சே."

அவள் திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். நோட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு விதியையும் அடிக்க வேண்டாம். எம்பேரை யாரும் எழுதக் கூடாது. கை தூக்குறதும் வேண்டாம். சீட்டுல எழுதுங்க, மறைச்சு எழுதுங்க."

கொழுந்தனின் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணி, உங்களுக்காகத்தானே..."

"தெரியும்டா. உன் பாசம் வீட்டுல இருக்கட்டும். தைரியமிருந்தா நீ நில்லு."

அவன் நின்றான். துணி பிரிக்கும் பெண்ணின் பெயரை இஸ்திரிக்காரர்கள் சொன்னார்கள். ஆனா அண்ணன் பெயரும் வந்தது. அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். "நான் தலைவரானா அப்புறம் யாருப்பா ஆனா சொல்றது?" என்றதும் கூடமே சிரித்தது.

பெட்டி இல்லாததால் ஒரு வெள்ளைத் தலையணை உறையைக் கொண்டுவந்தார்கள். பாய்லர் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய் எழுதி, அதில் போட்டார்கள். பிறகு சீட்டுகளை எல்லார் கண்முன்னாலும் மடிப்பு மேசையில் கொட்டி எண்ணினார்கள். பெண்ணுக்குப் பத்தொன்பது, கொழுந்தனுக்குப் பதினைந்து.

கொழுந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அக்கா அவனையே பார்த்தார். கடைசியில் அவன் அந்தப் பெண்ணிடம் போனான். "பதினஞ்சு பேர் என் பக்கம் இருக்காங்க, மறந்துடாதே. நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு வேணும், தலைவி?" அக்காவுக்கு அவன் மேல் அன்று வந்த பெருமை அதுவரை வந்ததில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஆஸ்பத்திரித் துணிக்குத் தனி மேசை, தடித்த கையுறை, ஹோட்டல் துணியைப் பாதியாகக் குறைப்பது என மூன்றும் நிறைவேறின. குறைப்பதை மட்டும் அக்கா எதிர்த்தார். அரைமணி நேரம் பேசினார். யாரும் குறுக்கிடாமல் கேட்டார்கள், ஓட்டுப் போட்டார்கள். அக்கா தோற்றுப்போனார். மனசு கொஞ்சம் புழுங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் புதுத் தலைவியின் கோணல் எழுத்தில் வேலைப் பட்டியல் தொங்கியது. அக்காவுக்குக் காலை ஆறு மணி முறை. "என்னையவே ஆறு மணிக்குப் போட்டிருக்கா பாரு!" என்று பக்கத்திலிருந்தவளிடம் அங்கலாய்த்தார். பிறகு சூடு ஆறாத போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, "ம், இழு," என்றார்.