செல்லாயியின் வசனம்

வகுப்பில் புதிதாக ஒரு நாடகத்தை அறிமுகம் செய்கிற நாளென்றால் கமலாசனிக்குக் காலையிலேயே பெருமிதம் தலைக்கேறிவிடும். இந்த முறை கேட்கவே வேண்டாம், நாடகம் அவளே எழுதியது. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒரு வீடு, அந்தக் கரையில் ஒரு வீடு. இரண்டு வீட்டுக்கும் வயல்தண்ணீரால் வந்த பகை. இந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வீட்டுப் பெடியனுக்கும் காதல். நடுவில் சேதி கொண்டு ஓடுகிறவள் வேலைக்காரி செல்லாயி.

உயர்தர வகுப்பு நாடகப் பிள்ளைகளை வேப்பமரத்தின் கீழ் வட்டமாக இருத்தினாள்.

"இது வெறும் காதல் கதை இல்லைப் பிள்ளையள். மனிசரை மனிசர் எப்பிடி மதிக்கிறது எண்டு சொல்லுற நாடகம்."

சொல்லும்போது அவளுக்கே மெய்சிலிர்த்தது. அதே சிலிர்ப்போடுதான் பாத்திரங்களையும் பிரித்தாள். நாயகி யதுர்ஷிகா. அவளிடம் உயரமும் இருந்தது, தகப்பன் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருந்தார். நாயகன் சுஜிதன். செல்லாயிக்கு மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கண் தானாகவே போய் தர்மபுரத்து நிசாந்தினியிடம் நின்றது. அவளுடைய தகப்பன் மூக்கன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பது ஊருக்கே தெரியும்.

"செல்லாயி மலையகப் பேச்சுத்தான் கதைப்பாள். உனக்கு லேசா வரும்" என்றாள் கமலாசனி.

நிசாந்தினி எழுந்து நின்றாள். "எனக்கு வராது ரீச்சர். நானும் உங்களை மாதிரித்தானே கதைக்கிறன்."

"அப்பாட்டக் கேட்டுப் பழகன்."

"ரத்தத்தில இருக்கிறதுதானே, தானா வரும்!" என்றான் சுஜிதன்.

வட்டம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. அவனை அதட்டத்தான் கமலாசனி வாயெடுத்தாள். பாழாய்ப்போன வாயில் அதட்டல் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பெரிய சிரிப்பில்லை, உதட்டோரத்தில் ஒரு கோணல், அவ்வளவுதான். நிசாந்தினி அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று கமலாசனி தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். மனம் கேட்டால்தானே! அந்தச் செல்லாயியை அவள் எங்கிருந்து பிடித்தாள் என்பது அவளுக்குத் தெரியாதா? சொந்த ஊரான அக்கராயனில் தகப்பனின் வயலுக்கு நாற்று நட வந்த மலையகப் பெண்களின் பேச்சு அது. வீட்டுக்கு யாராவது வந்தால், "பிள்ளை, அவையள் கதைக்கிற மாதிரிக் கதைச்சுக் காட்டு" என்பார் தகப்பன். அவளும் வாயைக் கோணிக்கொண்டு கதைத்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவள். நாடகத்திலும் செல்லாயியின் வசனத்துக்குப் பக்கத்தில், "வாயைக் கோணிக்கொண்டு" என்றுதான் எழுதி வைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டியைத் தர்மபுரத்துக்குத் திருப்பினாள்.

மூக்கன் கச்சான் கடலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். கதிரையைத் தோள் துவாயால் துடைத்து வைத்தார்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ." பேச்சு அக்கராயன் கமக்காரரின் பேச்சேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தன் தகப்பன் என்றே கமலாசனி நினைத்திருப்பாள்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. தோட்டத்துப் பாசை பழக்கச் சொல்லிக் கேட்டவள். நான் மறந்து போச்செண்டு சொல்லிப்போட்டன். அதுதான் கோவிச்சுக்கொண்டு கிடக்கிறாள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுபத்தேழுக் கலவரத்தில தோட்டத்தை விட்டு இஞ்ச ஓடிவரேக்க நான் சின்னப் பெடியன். பள்ளிக்கூடத்தில வாய் திறந்தாலே சிரிப்பினம். வாத்திமாரும் சேந்து சிரிப்பினம்." சட்டென்று பதறினார். "ஐயோ, உங்களைச் சொல்லேல்ல ரீச்சர்!"

கமலாசனி மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்காமல் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"அதோட விட்டனான். பிள்ளையளுக்கு முன்னால ஒரு நாளும் அப்பிடிக் கதைச்சதில்லை" என்றார் மூக்கன்.

"வேண்டாம் அண்ணை. அந்தப் பாத்திரத்தை நான் வேற ஆருக்காவது குடுக்கிறன்."

"ஆர் செய்தாலும் சிரிக்கிறதுக்குத்தானே ரீச்சர்?" என்று கேட்டபடி நிசாந்தினி வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வாயைப் பொத்து!" மூக்கன் மகளை அதட்டினார். "ரீச்சர் எங்களை மதிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கிறா. வசனத்தை வாசி, பாப்பம்."

தடுத்திருக்க வேண்டும். கமலாசனி தடுக்கவில்லை. இந்த நிலையிலும், அந்த வசனம் அவர் வாயால் எப்படி இருக்கும் என்று கேட்கிற ஆசை உள்ளே குந்திக்கொண்டிருந்தது. அந்த ஆசையை நினைத்துத்தான் பிறகு அவளுக்குத் தன்மேல் அதிகம் அருவருப்பு வந்தது.

காதலனிடமிருந்து சேதி வராமல் பட்டினி கிடக்கிற நாயகிக்குச் செல்லாயி சொல்கிற வசனம் அது. நிசாந்தினி பாடப்புத்தகம் மாதிரி வாசித்து முடித்தாள். மூக்கன் மகளுக்கும் ஆசிரியைக்கும் முதுகைக் காட்டி, குசினிப் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாய் சாப்புடு ஞானம். நான் எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன்."

வேறு யாரோ ஒருவருடைய குரல் போலிருந்தது. அத்தனை மெதுவான, அத்தனை இளமையான குரல்.

குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. அவருடைய மனைவி ஞானேஸ்வரி ஈரக்கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். "என்னாங்க இது, புள்ள முன்னாடி..." என்று தொடங்கியவள், கதிரையில் ஆசிரியை இருப்பதைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மூக்கன் எதையும் மறந்திருக்கவில்லை. தனியாக இருக்கும்போது புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்கிற பேச்சு அது. நிசாந்தினி தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். கமலாசனி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வீட்டின் அலுமாரிக்குள் கேட்காமல் கையை விட்டுவிட்டது போலிருந்தது. ஞானேஸ்வரி கொண்டுவந்து தந்த தேத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் நிசாந்தினி வந்தாள். தானே செல்லாயியாக நடிப்பதாகவும் சொன்னாள். கமலாசனி, "வாயைக் கோணிக்கொண்டு" என்று எழுதியிருந்ததைக் கறுப்பு மையால் அடித்திருந்தாள். பிள்ளைகளிடம் சொல்ல ஒரு நல்ல பேச்சையும் தயார் செய்து வைத்திருந்தாள். வட்டமாக அவர்கள் இருந்ததும் அந்தப் பேச்சு எங்கேயோ ஓடி ஒளித்துக்கொண்டது. ஒத்திகை முடியட்டும், சொல்லுவம் என்று தள்ளிப்போட்டாள். கோழை.

நிசாந்தினி, யதுர்ஷிகாவின் பக்கத்தில் குந்தினாள். வாய் கோணவில்லை, கை ஆட்டவில்லை.

"ஒரு வாய் சாப்புடுங்கம்மா. நான் எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன்."

தகப்பனின் குரல் அப்படியே இருந்தது. யதுர்ஷிகா தன் வசனத்தை மறந்து அவளையே பார்த்தாள். சுஜிதனின் உதடு துடித்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. முதலில் கமலாசனியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இதற்குச் சிரிக்கலாமா, கூடாதா என்று அவள் முகத்தில் தேடினார்கள். எப்போது சிரிக்க வேண்டும் என்பதை அவர்கள் அங்கிருந்துதான் படித்திருந்தார்கள்.

கமலாசனி எழுந்து நின்றாள்.

"அண்டைக்கு நானும் சிரிச்சனான்" என்றாள்.

நிசாந்தினி குந்தியிருந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் ரீச்சர். கண்டனான்."