கான்ட்ராக்ட் கூடைப்பந்து

எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியிடம் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். மண்டலத்தில் எந்தக் கல்லூரிக்கும் அது வாய்க்கவில்லை. எங்களோடு ஆட்டம் என்றால் எதிரணிப் பயிற்சியாளர்கள் காய்ச்சலில் எழுந்த பிள்ளைகளாகப் பார்த்துக் கூட்டிவந்து, உடம்பு தேறட்டும் என்று இறக்கிவிடுவார்கள். ஒரு தடவை ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த அணி, தங்கள் விடுதிச் சமையற்கார அம்மாளையும் கொஞ்ச நேரம் ஆட விட்டது. அந்த அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கூடை போட்டார். நல்ல மனுஷி. மூன்றாவது வாய்ப்பு வந்தபோது பாவம் என்று விட்டுவிட்டார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஸ்கோர் பலகை என் பொறுப்பு. பழனிமுத்துவின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். கண் மங்கி, துணியோடு சேர்த்து மேசையையும் வெட்ட ஆரம்பித்த பிறகு, அவரே தாளாளராக இருந்து நடத்தும் கல்லூரியின் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆட்டம் நடக்கும்போது எண் அட்டைகளைத் திருப்புவேன். எதிரணிப் பக்கத்து அட்டைகள் வருடா வருடம் தேய்ந்து கிழிந்துபோகும். எங்கள் பக்கத்துப் பத்தாம் இடத்து அட்டைக்குப் பின்னால் குளவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் பெரிதாகித் தனிக்குடித்தனம் போயின.

கூடையின் வலை அறுந்தபோது பழனிமுத்து புதிது வாங்க ஒப்பவில்லை. கம்பெனியில் பனியன் கழுத்துக்கு வைக்கிற துணி வேஸ்ட்டாக மலைபோல் கிடந்தது. அதை முடைந்து மாட்டினோம். இழுத்தால் இழுபடும் துணி அல்லவா? எங்கள் பிள்ளைகள் போடும் பந்து உள்ளே போய், சற்று யோசித்துவிட்டு, வந்த வழியே மேலே திரும்பிவிடும். வலையைத் தாண்டிக் கீழே வராத பந்துக்குப் புள்ளி இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். எதிரணியின் பந்து மட்டும் எப்படியோ கீழே விழுந்தது. துணிக்கும் ஆள் தெரியும் போல.

இந்த அணிக்குக் கேப்டன் வேல்விழி. பி.காம். இரண்டாம் வருடம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் இருக்கிற குடும்பம். அம்மா கருத்தம்மா, பழனிமுத்துவின் கம்பெனியில், தைத்த பீஸில் குறை பார்த்துத் திருப்பி அனுப்பும் செக்கிங் வேலை பார்க்கிறாள். வேல்விழி விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள், கட்டணம் கிடையாது. அணி இருக்கிறவரை சீட்டு இருக்கும். அணி போனால் படிப்பும் போகும். கருத்தம்மா அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்று காலியாகப் போகிறது, அவளுக்கென்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று என்னிடமே சொன்னாள். மகள் தோற்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு நிதானம் வந்திருந்தது.

அந்த வருடம் மண்டலப் போட்டியை எங்கள் மைதானத்தில் நடத்துவதாக முடிவானது. பழனிமுத்துவுக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் சரவணக்குமாரையும் வேல்விழியையும் கூப்பிட்டுப் பேசினார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"இந்த வருசம் அரையிறுதிக்காச்சும் போயரோணுங் கண்ணு. போனா டீம் இருக்கும். இல்லீன்னா கிரவுண்டுல தகரச் செட்டைப் போட்டு மிசினை இறக்கிருவேன். எடம் சும்மா கெடக்குது."

வேல்விழி சரிங்க சார் என்றாள். சரவணக்குமார் பத்துத் தடவை சரிங்க என்றார். அவருடைய வேலையும் அதில்தான் தொங்கியது, ஆனால் அவருக்குக் குன்னத்தூரில் தென்னந்தோப்பு உண்டு.

ஷிப்மென்ட் தேதி நெருங்கி, நிரந்தர டைலர்களால் முடியாது என்று தெரிந்தால் திருப்பூரில் எந்த முதலாளியும் என்ன செய்வாரோ அதைப் பழனிமுத்துவும் செய்தார். கிட்டுசாமியைக் கூப்பிட்டார். கிட்டுசாமி ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்டர். அயர்னிங் ஆள், பேக்கிங் ஆள், கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற ஆள், யார் வேண்டுமானாலும் கொண்டுவருவார். கூடைப்பந்துப் பெண்கள் என்றதும், எத்தனை டஜன் என்று மட்டும்தான் கேட்டார்.

நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்து, எங்களிடம் தையல் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்ததாகக் கணக்கு. ஒருத்தி வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவு உயரம். நாகர்கோவிலிலிருந்து வந்த பிரிசில்லா மட்டும் குள்ளம். ஆனால் அவள் கையில் பந்து போனால் எங்கே இருக்கிறது என்று அவளாகச் சொன்னால்தான் தெரியும்.

வேல்விழியோடு ஆடிவந்த பழைய பிள்ளைகளிடம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். திருப்பூரில் பிறந்த பூனைக்குக்கூட அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். அடுத்த வாரமே ஆளுக்கொரு பகுதிநேர வேலையில் சேர்ந்துவிட்டார்கள். உள்ளூரில் ஒருத்தியாவது அணியில் இருக்க வேண்டும் என்ற விதியால் வேல்விழி மிஞ்சினாள்.

சம்பளத்தில்தான் சிக்கல் வந்தது. பழனிமுத்துவுக்குத் தெரிந்தது பீஸ் ரேட். தைத்த பீஸுக்குக் காசு. ஒரு கூடை ஒரு பீஸ் என்று வைத்தார். முதல் பயிற்சி ஆட்டத்தில் நாலு பேரும் ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பந்தைப் பிடுங்கினார்கள். உயரமானவள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க, எங்கள் அணியே அவளைச் சுற்றிக் குதித்தது. எதிரணி ஓரமாக உட்கார்ந்து கடலை தின்றது.

உடனே பழனிமுத்து பந்து கொடுப்பதற்கும் ரேட் போட்டார். அடுத்த ஆட்டத்தில் ஒருவரும் கூடைப் பக்கம் திரும்பவில்லை. இவள் அவளிடம், அவள் இவளிடம், மறுபடி இவளிடம். நேரம் கடந்துவிட்டது என்று நடுவர் விசில் ஊதிப் பந்தைப் பிடுங்கினார்; திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு கூடையும் விழவில்லை. உற்பத்தி மட்டும் அமோகம். காசு வாங்காமல் ஆடிய ஒரே ஆள் வேல்விழி. அவள் கைக்குப் பந்து வந்தால் மட்டும் கூடையை நோக்கிப் போயிற்று.

கடைசியில் ஷிப்ட் சம்பளம் என்று தீர்மானமானது. விசில் ஊதியதும் ஷிப்ட் ஆரம்பம், ஆட்ட நேரம் முடிந்தால் ஷிப்ட் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிரிசில்லாவும் வேல்விழியும் பேசிக்கொள்ளாமலே ஒருவர் போகுமிடம் இன்னொருவருக்குத் தெரிந்தது. வேல்விழி தன் சாப்பாட்டில் பாதியைப் பிரிசில்லாவுக்கு வைப்பாள்; அவள் மீன் இல்லாத குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே தின்பாள். மண்டலப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும் ஜெயித்தோம். அரையிறுதிக்கு வந்துவிட்டோம் என்று அறிவித்தபோது நான் பலகையிலிருந்து இறங்கி, தவறான கல்லூரிக்குக் கை தட்டிவிட்டேன். பழக்கம்.

அன்றைக்கு வேல்விழி என்னிடம் வந்து, "தாத்தா, டீம் இருக்கும்லா?" என்று கேட்டாள். தாளாளர் சொன்ன சொல் மாறமாட்டார் என்றேன். அது பொய்யில்லை.

அரையிறுதி நாளன்று கருத்தம்மாவும் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆட்டம் கடைசிவரை இழுத்தது. விசில் ஊதியபோது இரண்டு பக்கத்துப் பலகையிலும் ஒரே எண். அந்த அதிசயத்தை நான் இரண்டு பக்கமும் நடந்துபோய்ப் பார்த்தேன்.

நடுவர் நடுவில் வந்து, "ஓவர்டைம்" என்றார்.

அந்த வார்த்தையைத் திருப்பூரில் பொதுவிடத்தில் அப்படிச் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் அதற்கு ஓட்டி என்று பெயர், தனிக் கூலி. கிட்டுசாமி எழுந்துவிட்டார். "ஷிப்ட் முடிஞ்சுதுங்க. ஓட்டின்னா மத்தியானமே சொல்லியிருக்கோணும். ரேட்டுப் பேசோணும். வேன் நிக்குதுங்க." நாலு பெண்களும் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். மிஷினை விட்டு எழுந்து கை கழுவப் போவது போலத்தான், அதில் கோபமோ குரோதமோ இல்லை.

சரவணக்குமார் ஓடிப்போய்ப் பழனிமுத்துவிடம், கூடுதல் நேரம் ஐந்தே நிமிடம்தான், சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினார். பழனிமுத்து சிரித்தார். அவர் முப்பது வருடமாகக் கம்பெனி நடத்துகிறவர். சாயங்காலம் ஆனால் டைலர்கள் கை மெதுவாவதும், வேலை மிச்சமாவதும், அதற்கு ஓவர்டைம் கேட்பதும் அவர் பார்க்காததா?

"சார், எனக்கேவா? வேணும்னே இழுத்து வெச்சு, ரெண்டு பக்கமும் சமமா நிறுத்தி, இப்ப ஓட்டி கேக்கறாங்க. கடைசி நேரத்துல அந்த நெட்டைப் புள்ள கூடைக்குப் பக்கத்துல நின்னு விட்டதை நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு பைசா கெடையாதுங்."

விளையாட்டில் அப்படி யாரும் செய்யமாட்டார்கள் என்று சரவணக்குமார் சொன்னார். கம்பெனியிலும் யாரும் செய்யமாட்டேன் என்றுதான் சொல்கிறார்கள் என்றார் பழனிமுத்து. ஓட்டி இல்லாமலே ஆடுகிறோம் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவர்கள் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு என்ன இருந்தது? அடுத்த வாரம் கரூரில் ஒரு கல்லூரிக்கு ஆட வேண்டும்.

மூன்று பேர் வேனில் ஏறினார்கள். நாலாவதாகப் போன பிரிசில்லா படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். வேல்விழி நடுக் கோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சில் ஆள் கிடையாது. சொல்லி அனுப்புகிறோம் என்று நிறுத்திய பழைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"நீங்க போங்க. நான் ஆடிட்டு பஸ்ல வாறேன்" என்று பிரிசில்லா லேஸைத் திரும்பக் கட்டினாள். கிட்டுசாமி, இதற்குக் காசு வராது என்று எச்சரித்தார். "தெரியும்" என்றாள்.

இரண்டு பேர் இருந்தால் ஆடலாம் என்று விதியில் இருக்கிறதாம். இரண்டு பேர் ஐந்து பேரோடு ஆடினார்கள். எதிரணிக்கு முதலில் சிரிப்பு, பிறகு குழப்பம். ஐந்து பேரும் பிரிசில்லாவைச் சுற்றி நிற்கையில் பந்து வேல்விழியிடம் இருந்தது. வேல்விழியிடம் ஓடினால் பிரிசில்லாவிடம் இருந்தது. ஒரு கூடை விழுந்தது. நான் அட்டையைத் திருப்பினேன். நாங்கள் முன்னால் இருந்தோம். கருத்தம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது பிரிசில்லாவின் கை எதிரணிப் பெண்ணின் தோளில் பட்டது. அவளுக்கு ஏற்கெனவே நாலு தப்பு எழுதியிருந்தது. ஐந்தாவதும் எழுதப்பட்டது. ஐந்து தப்பு ஆனவள் வெளியே போக வேண்டும்.

வேல்விழி பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு நடுவரிடம் போனாள். "நான் ஆடுதேன் சார்" என்றாள்.

நடுவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒருத்தி டீம் ஆகாதும்மா" என்றார்.

அதோடு விடவில்லை. ஆள் இல்லாமல் தோற்கிற அணி முன்னிலையில் இருந்தால் அந்தப் புள்ளிகள் செல்லாது, எதிரணிக்கு இரண்டு, எங்களுக்குப் பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டுமாம். பலகையில் ஏறி, அன்றைக்கு அவர்கள் போட்ட எல்லாக் கூடைகளையும் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி எடுத்தேன். பிரிசில்லா கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வேல்விழியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை.

ஆனாலும் அரையிறுதிக்குப் போயாயிற்று அல்லவா? அந்த நம்பிக்கையில்தான் வேல்விழி அடுத்த வாரம் தாளாளர் அறைக்குப் போனாள். நானும் டீயோடு போனேன். பழனிமுத்து நல்ல மனநிலையில் இருந்தார். இத்தனை வருடம் நிரந்தர ஆள் வைத்து முடியாதது கான்ட்ராக்ட்டில் முடிந்துவிட்டது என்றார். வரும் வருடம் முழு அணியையும் கிட்டுசாமியிடமே விடப்போவதாகச் சொன்னார். உள்ளூர் ஆள் கணக்குக்குக்கூட ஒருத்தியை முகவரி மாற்றிக் கொண்டுவந்துவிடுவாராம்.

"டீம் இருக்கும்னு சொன்னீங்களே சார்" என்றாள் வேல்விழி.

"இருக்குமுங் கண்ணு. சொன்ன சொல்லை நான் மாத்தறதில்லை. நீ இருப்பீன்னு நான் சொல்லலியே. சீசனுக்கு மட்டும் வேணுங்கிற வேலைக்கு வருசம் பூரா சீட்டுக் குடுத்தா எனக்குக் கட்டுபடியாகாதுல்ல?"

அவர் குரலில் கெடுதலே இல்லை. டீ ஆறிவிட்டது என்று என்னிடம் மட்டும் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

வெளியூர் ஆட்களைக் கொஞ்ச காலத்துக்குக் கொண்டுவந்ததில் பிரயோசனம் உண்டா என்று டீக்கடையில் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். ரொம்பப் பிரயோசனம். பிரயோசனம் இல்லாமல் போயிருந்தால் வேல்விழியை என்ன செய்வது என்று யாராவது கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

கம்பெனியில் டீ இலவசம் என்பதால் நான் அடிக்கடி அங்கே போவேன். போன மாதம் அவளைப் பார்த்தேன். ஓவர்லாக் மிஷின். தைத்த பீஸ்களைக் கட்டாகக் கட்டி, அந்தப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் எழுந்து, மிஷின்களுக்கு நடுவே நடந்துபோய், குனிந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசினால் உன் கைக்கு அது தப்பாதே கண்ணு என்றேன்.

"பீஸ் அழுக்காயிரும் தாத்தா. செக்கிங்ல எங்கம்மாதான் இருக்கா, திருப்பி அனுப்பிருவா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.