தட்டு உட்காரும் உயரம்

தட்டு சார் வருகிற நாளில் மட்டும் அண்ணன் முகச்சவரம் செய்துகொள்வான். அன்று காலையிலும் கன்னத்தில் ஒரு சின்ன வெட்டோடு சமையலறைக்கு வந்து நின்றபடியே தேநீர் குடித்தான். உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் முக்கியமான நாட்களில் அவன் உட்காருவதே இல்லை.

“பாப்பா, கேட் சாவி எங்கே?”

எனக்கு முப்பத்தொன்பது வயது. “உன் கையிலதான் இருக்கு,” என்றேன்.

பத்து வருடங்களாக மேட்டுப் புல்வெளி எங்களிடம் குத்தகைக்கு இருக்கிறது. பறவைகளுக்காக அரசாங்கம் பாதுகாத்து வைத்திருக்கும் நிலம் அது. அதன் கீழ்த்துண்டில் தானியம் விதைத்துக்கொள்ளலாம், ஆனால் கால் பங்கை அறுக்காமல் குருவிகளுக்கு விட்டுவிட வேண்டும். மேலே இருக்கிற பெரிய வெளியில் அறுபது ஆடுகள் மேயலாம். எப்போது மேயலாம், எவ்வளவு மேயலாம் என்பதெல்லாம் பதினோரு பக்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ஆடுகளுக்கு நிற்க இடமில்லை, விற்க வேண்டியதுதான். அண்ணனுக்கு ஆடுகளைத் தவிர வேறு எதுவும் சரியாக வராது, மனிதர்களோடு பேசுவது உட்பட.

புதுப்பிக்கலாமா என்று பார்த்து எழுதுகிறவர் தட்டு சார். நடுநடுவிலும் ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போவார். அவருடைய கருவியால் வந்த பெயர் அது. நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்றும், எண்கள் குறித்த கம்பு ஒன்றும் வைத்திருப்பார். கம்பைப் புல்லுக்குள் ஊன்றி, தட்டை அதில் கோத்து மேலிருந்து விடுவார். தட்டு எங்கே போய் உட்காருகிறதோ, அதுதான் அந்த இடத்தில் புல்லின் உயரம்.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒருமுறை தட்டு மூன்று சென்டிமீட்டரில் உட்கார்ந்துவிட்டது. நான்குக்குக் கீழே போகக்கூடாது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணன் அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தான். தினமும் சட்டை எடுக்கும்போது அது அவனைப் பார்க்கும்.

இந்த வருடம் அவன் ஒரு முடிவெடுத்தான். சோதனைக்கு இரண்டு மாதம் முன்பே ஆடுகளை மேட்டிலிருந்து இறக்கி, வீட்டுக்குப் பின்னால் பட்டியில் அடைத்தான். “தட்டு இந்த முறை தொப்புள்ல நிக்கணும்,” என்றான். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பட்டிக்குத் தீவனக் கட்டு சுமந்தது நான்தான். பிறகு குளித்துவிட்டு, பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் போய் உட்காருவேன். “உங்க மேல வைக்கோல் வாசம்,” என்று வாயைத் திறக்க முடியாத நோயாளிகள்கூடச் சொன்னார்கள். மதியம் வந்து மறுபடியும் கட்டு. மழையும் நன்றாகப் பெய்தது. புல் வளர்ந்துகொண்டே போனது.

தட்டு சார் பத்து மணிக்கு வந்தார். போன முறையைவிட முடி நரைத்திருந்தது. தட்டின் ஓரமும் நெளிந்திருந்தது. கேட்டைத் திறந்ததும் அப்படியே நின்றார். புல் அவருடைய முழங்காலைத் தொட்டது.

“என்னய்யா இது?”

“உங்களுக்காகத்தான் சார்,” என்றான் அண்ணன். பரிசு கொடுப்பவனின் குரல் அது. “ரெண்டு மாசம் ஒரு வாய் வைக்கவிடலை.”

தட்டு சார் கம்பை ஊன்றித் தட்டை விட்டார். அது கீழே போகவே இல்லை, புல்லின் மேலேயே மிதந்தது. முப்பத்தெட்டு. இன்னும் நான்கு இடங்களில் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணையும் அண்ணன் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். முப்பத்தொன்று. நாற்பது. அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது, அவர் முகம் இறங்கிக்கொண்டே வந்தது.

“ஒப்பந்தத்துல ஏழாவது பக்கம் படிச்சீங்களா?”

நான் படித்திருந்தேன். சட்டென்று அந்த வரி கண்முன் வந்தது. முட்டையிடும் பருவம் தொடங்கும்போது புல் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அறுபது ஆடுகள் இருக்கும் இடத்தில் அந்த வரியை மீற எங்களால் முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கண் அதன் மேல் ஓடி அடுத்த வரிக்குப் போயிருந்தது.

“ஆள்காட்டிப் பறவை தரையிலதான் முட்டை வைக்கும்,” என்றார் தட்டு சார். “நாலா பக்கமும் தெரியணும் அதுக்கு. நரி வருதா, நாய் வருதான்னு. இந்தக் காட்டுக்குள்ள எப்படிய்யா உட்காரும்? ஆட்டை இங்க விட்டதே அதுக்குத்தான். உங்களுக்குப் பாவம் பார்த்து இல்லை.”

அண்ணன் கன்னத்து வெட்டைத் தடவினான். “அப்ப ஆடு வேணுமா உங்களுக்கு?”

“வேணும்.”

“பத்து வருஷமா யாரும் சொல்லலையே, சார்.”

“சொல்ற தேவையே வரலை. அந்த ஒரு தடவையைத் தவிர நீங்க சரியா பண்ணிட்டிருந்தீங்க.”

  தட்டு சார் வேலிக் கல்லில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். “கூடு எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கு. குறைஞ்சது மூணு இருந்தா அஞ்சு வருஷம். ஒண்ணும் இல்லேன்னா நிலத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்க. நான் என்ன எழுதட்டும்?”

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். “சார், மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துட்டு எழுதுங்க.”

“அங்க என்ன இருக்கு?” என்றான் அண்ணன். முழங்கால் கெட்ட பிறகு அவன் மேடு ஏறி இறங்குவதில்லை.

“வாயேன், சொல்றேன்.”

புல்லை விலக்கிக்கொண்டு ஏறினோம். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். மேட்டுக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு வீட்டு முற்றம் அளவுக்குப் புல் கட்டையாக இருந்தது. குளம்புத் தடங்களும் ஆட்டுப் புழுக்கையும் கிடந்தன. நாங்கள் இறங்கியதும் ஒரு பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட ஆரம்பித்தது.

“நில்லுங்க,” என்றார் தட்டு சார். குரலே மாறிவிட்டது. நெடுநேரம் தரையைத் தேடிவிட்டு விரலை நீட்டினார். குளம்பு பதிந்த ஒரு பள்ளத்தில் நான்கு முட்டைகள். மண்ணோடு மண்ணாக, புள்ளி புள்ளியாக.

அண்ணன் முட்டைகளைப் பார்க்கவில்லை. புழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரு விட்டது?”

“நான்தான். மதியம் நீ படுத்திருக்கும்போது. பன்னிரண்டு கிழ ஆடுங்களை மட்டும். அதுங்களுக்குச் சுமக்கிற ரெண்டு கட்டு மிச்சமாகும்னு.”

“எத்தனை நாளா?”

“அஞ்சு வாரமா. முடியலைண்ணா எனக்கு. பறவைக்காகன்னு நெனைக்காதே. அந்த நெனப்பே இல்லை.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். ஐந்து வாரமாக அவனுக்குத் தெரியாமல் அவன் திட்டத்தைக் கெடுத்திருக்கிறேன். “திருடி,” என்றான் கடைசியில். அதில் கோபம் சேர்க்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

தட்டு சார் இரண்டு முறை சுற்றிவந்தார். வேறு கூடு இல்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் படிவத்தை வைத்து எழுதினார்.

“ஒண்ணு. இருக்கிறதைத்தான் எழுத முடியும். ஒரு வருஷம் தருவாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் வருவேன். நானோ, இந்தத் தட்டைத் தூக்க வேற யாரோ.” பிறகு என்னைப் பார்த்தார். “குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இந்த மூலைக்குக் கயிறு கட்டி வைங்கம்மா. மத்த இடத்துல இன்னைக்கே ஆட்டை விடுங்க. அறுபதையும்.”

அவருடைய வண்டி போன பிறகு தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வந்தபோது மணி மூன்று. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வந்தபோது மணி மூன்று. ஆடுகள் கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. இரண்டு மாதம் பட்டிக்குள் வாய்க்கே தீவனம் வந்த சுகம். எதிரே முற்றிப்போன, தங்கள் வயிற்றை உரசுகிற உயரத்துக்கு நிற்கிற புல். ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை. அண்ணன் குச்சியால் தட்டினான், நாக்கைச் சொடுக்கினான், கெஞ்சினான்.

“உங்களுக்குத்தான்டி சேர்த்து வெச்சேன். தின்னுங்களேன்.”

ஒரு பெட்டை ஆடு தும்மியது.

அவன் கேட்டில் சாய்ந்தான். பிறகு மெதுவாக, காலையிலிருந்து முதல் முறையாக, வேலிக் கல்லில் உட்கார்ந்தான். இனி எழுப்ப நான்தான் கைகொடுக்க வேண்டும்.

“பாப்பா.”

“ம்.”

“அந்தக் கிழடுங்களை முன்னால விடு. அதுங்களுக்கு வழி தெரியும்.”

கூட்டத்துக்குள் புகுந்து பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து முன்னால் தள்ளினேன். முதல் ஆடு என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் நுழைந்தது.