முனவ்வராவின் அனுமதி

போன் அடித்ததும் முனவ்வரா அடுப்பை அணைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். போனில் பேசுகிறவனுக்கு இவள் தலை தெரியவா போகிறது என்று அவள் கணவர் இனாயத்துல்லா சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவது கெவின், இன்சூரன்ஸ் கம்பெனியின் நர்ஸ். சர்க்கரை நோயாளிகளை வாராவாரம் அழைத்து, மாத்திரை போட்டார்களா, கண் டாக்டரைப் பார்த்தார்களா என்று விசாரிப்பது அவன் உத்தியோகம். நர்ஸ் என்றால் பெண் என்று நினைத்துத்தான் இவர் முனவ்வராவை அந்தத் திட்டத்தில் சேர்த்துவிட்டார். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் இவர் வாங்கிய ஒரே தடவை அது.

ஜெர்சி சிட்டியில் சூட்கேஸ் கடை இவருக்கு. உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்த்தே எந்த விலைக்குப் படிவார் என்று சொல்லிவிடுவார். வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை. உடம்பு எப்படி என்றால் முனவ்வரா, "இருக்கு" என்பாள். கெவினிடமோ உடைந்த இங்கிலீஷில் தூக்கம், பசி, அழுகை என்று எல்லாவற்றையும் கொட்டுவாள். நடுநடுவே சிரிப்பு வேறு. இன்று "லெஃப்ட் லெக்" என்று ஆரம்பித்தவள், போனோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் கதவைத் திறந்து போனை வாங்கினார். என் மனைவிக்குக் காலில் என்ன என்று கேட்டார். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமாம். அவள் சம்மதிக்காமல் சொல்ல முடியாதாம். பாலிசி என் பேரில்தான் இருக்கிறது என்றார். கெவின் மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தான்.

"எம் பொண்டாட்டி காலைப் பத்திக் கேக்க நான் பெர்மிஷன் வாங்கணுமாம். கூத்தைக் கேட்டியா?"

"அவங்க ரூல்ஸ் அப்படிங்க."

"சரி, நீயே சொல்லு. என்ன கால்ல?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கதவைச் சாத்துனே?"

"உங்ககிட்ட சொன்னா, செருப்பை மாத்துன்னு முடிச்சிடுவீங்க. அந்தத் தம்பி எப்போலேருந்துன்னு கேட்டுச்சு."

"தம்பியாம் தம்பி! எனக்கும் கேக்கத் தெரியும். பெர்மிஷன் குடு."

அவள் போனை வாங்கி யோசித்தாள். "கெவின், சுகர் நம்பர் டெல் ஹிம், ஓகே. டேப்லெட் ஓகே. லெஃப்ட் லெக், நோ."

"காலையும் சேர்த்துக் குடுத்துடேன், முனவ்வரா." கடையில் ஒருநாளும் வராத குரல் அது.

"அது அப்புறம் பாக்கலாங்க."

ஒன்றும் வாங்காமல் கடைப்படி இறங்குகிறவர்கள் சொல்கிற வார்த்தை. சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

போனை இவர் கையில் கொடுத்துவிட்டு அவள் ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்தாள். கெவின் எண்களை வாசித்தான். இவர் ஓகே, ஓகே என்றார். ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் இவருக்கு முதுகைக் காட்டியபடி காலுறையைக் கழற்றினாள். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து உள்ளங்காலுக்குக் கீழே பிடித்தாள். புண் இருக்கிறதா என்று பார்க்க அவன் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். இன்னும் மறையாத ஜூன் மாத வெயில் கண்ணாடியில் பட்டு, ஒரு துண்டு வெளிச்சமாகக் கூரையில் அலைந்தது. பிறகு ஓரிடத்தில் நின்று நடுங்கியது. கெவின் போனில், சார், லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.