நடுப் புட்டி

குரலைக் கேட்டதுமே பூவிழிக்கு வயிறு பற்றி எரிந்தது. முகத்தை இன்னும் பார்க்கக்கூட இல்லை. முதுகைக் காட்டித் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கழுத்துதாம்மா. கழுத்துலேர்ந்து தோள்பட்ட வரிக்கும் கல்லாட்டம் கெடக்குது. பொட்டுத் தூக்கம் கெடையாது" என்று யாரோ ஒருவர் முதலாளியம்மா மதாமிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரோ என்ன யாரோ! ஜானகிராமன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே குரல்தான் விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் நாக்குக் கூசாமல் சொன்னது: "கிட்டப் போய்ப் பாத்தேன் சார். அவன் வாயிலேர்ந்து சாராய நாத்தம் குப்புன்னு அடிச்சுது." விசாரணை அறைக் கதவோரம் நின்று அதைக் கேட்டவள் பூவிழி.

அந்த 'அவன்' அவளுடைய அண்ணன் இளம்பரிதி. சேதராப்பட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். உருளையில் சிக்கி வலது கை மணிக்கட்டோடு போனது. மெஷினை நிறுத்துகிற பொத்தானை அமுக்கினேன், நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கதறினான். கேட்பார் யார்? சூப்பர்வைசர் ஜானகிராமனே மோந்து பார்த்தேன் என்கிறார். ரத்தம் எடுத்துப் பரிசோதித்திருக்கலாமே என்றால், அன்றைக்கு ரத்தத்தை நிறுத்துவதுதான் எல்லாருக்கும் வேலையாக இருந்தது.

புதுச்சேரியில் ஒருவன் குடிக்க மாட்டான் என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். உள்ளூர்க்காரன் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பான். பிராந்தி வாடைக்கே குமட்டுகிறவன் இளம்பரிதி என்று அவன் அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரிந்து என்ன புண்ணியம்? மாமனார் இராமதாஸ் பக்கத்து மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இறங்கினார். "குடிகாரங்கூட எம்பொண்ணு குப்ப கொட்ட மாட்டா" என்று சரிதாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகி ஒரு தீபாவளிகூடப் பார்க்காத பெண். புருஷனை நம்புவதா அப்பாவை நம்புவதா என்று தெரியாமல் அழுதுகொண்டே போனாள். அதற்குப் பிறகு இளம்பரிதி தெருவில் இறங்கவில்லை. கை போனதுகூட அவனுக்கு ஆறிவிட்டது, அந்தப் பேர்தான் ஆறவில்லை.

அப்பேர்ப்பட்ட ஜானகிராமன் இப்போது ரிட்டையர் ஆகி, தொப்பையும் சந்தனப் பொட்டுமாக, டூமா வீதியில் பூவிழி வேலை செய்கிற இடத்துக்கே வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கதவோரம் நிற்கிற பெண்களையெல்லாம் அவர் எங்கே பார்த்தார்?

மதாம் என்று எல்லாரும் கூப்பிடுகிற பூர்ணிமா அம்மா பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து தொடங்கிய இடம் அது. ஆண்களுக்குத் தலை, கழுத்து, தோள் மட்டும்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பேர் ஒட்டாத மூன்று புட்டிகளைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மோந்து பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும். உடம்புக்கு எது வேண்டும் என்பது மூக்குக்குத் தெரியும் என்பது மதாமின் கட்சி.

ஜானகிராமன் மூன்றையும் மோந்தார். நடுவில் இருந்ததை எடுத்தார். "ஆஹா" என்றார்.

"லாவெண்டர்" என்றார் மதாம். "மனசு அலையுதுன்னா இதைத்தான் கேக்கும்."

எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்டு பூவிழி அந்தக் கழுத்தில் கை வைத்தாள். இரண்டு கட்டை விரலும் தொண்டைக்குப் பக்கத்தில் போகிறபோதெல்லாம் அவளுக்கு ஒரு அமுக்கு அமுக்கினால் என்ன என்று தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. அதைவிடக் கொடுமை அந்த வாசனை. அது அவளையும் விடவில்லை. மூச்சு நீள நீள அவள் தோளும் தானாக இறங்கியது, நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்தது இளகப் பார்த்தது. இவனுக்காக நான் இளகுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கி அடக்கி விட்டாள். ஜானகிராமன் குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டில் அவள் அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

வாராவாரம் வந்தார். வந்து மோப்பார், நடுப் புட்டியை எடுப்பார், தூங்குவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஒங்கையில இன்னாமோ இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரை வேறு யாருக்காவது மாற்றிவிடச் சொல்லி மதாமிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருநாள் இவன் வாய் திறப்பான், அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கறுவு.

மழை பெய்த ஒரு நாளில் அவசரத்தில் தப்பு நடந்தது. கழுவிக் கவிழ்த்த நடுப் புட்டியில் வாசனைச் சொட்டு விடாமல் வெறும் எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டாள். ஜானகிராமன் மோந்தார். "இதே! இதேதான்! லாவெண்டர்னா லாவெண்டர்தான்" என்றார்.

பூவிழிக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் வேண்டுமென்றே நடுப் புட்டியில் வேப்பெண்ணெயை ஊற்றினாள். திறந்தபோதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதர் அதை மூக்கில் வைத்து, கண் சொக்கி, "தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்குது" என்றார். அட படுபாவி! உனக்கு மூக்கே இல்லையா!

ஆனால் மோப்பம் எப்போது போனது? நேற்று போயிருந்தால் அவர் அன்றைக்குச் சொன்னது உண்மையாகிவிடுமே. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மண்டையோட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற குழியில் விரலை வைத்து மெல்ல மெல்ல அமுக்கினாள். அங்கே பிடித்தால் வாய்க்குப் பூட்டு இருக்காது. உடம்பு தளர்ந்தவன் எதையும் மறைக்க முயல மாட்டான், அது அவள் தொழிலில் கண்ட உண்மை.

"சாருக்கு வாசன அவ்வளவா தெரியாதோ?" என்றாள், பச்சைக் குழந்தையிடம் கேட்பதுபோல.

"கண்டுபுடிச்சிட்டியா?" கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "மதாங்கிட்ட சொல்லிடாத. கம்பெனில சேந்த புதுசுலயே போச்சும்மா. தின்னர் ஆவி. இருவது வருசம் இருக்கும். பொண்டாட்டிக்கே தெரியாது. வெளிய சொன்னா சூப்பர்வைசர் வேல குடுப்பானா? எதுனா லீக் ஆனா மொதல்ல மோந்து பாக்க வேண்டியவன் நானு." பெருமையாக வேறு சொன்னார். "நடுவுல இருக்கறத எடுத்துட்டு ஆஹான்னா எவன் கேக்கப் போறான்?"

பூவிழியின் விரல்கள் நிற்கவில்லை. நின்றால் விழித்துக்கொள்வார். கண்ணீர் மட்டும் அவர் நரைத்த தலைமேல் விழுந்தது. எண்ணெய் என்று நினைத்திருப்பார். இருபது வருஷமாக எதையும் மோக்கத் தெரியாதவன், இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு என் அண்ணன் குடும்பத்தைக் கெடுத்தானா! இவனைத் தனியாகக் கேட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பான். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும்.

ஊரை மதாமே கூட்டினார். அந்த இடத்தின் ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. வாடிக்கைக்காரர்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும், செல்போனில் லைவாகப் போடுவார்கள். ஜானகிராமனைக் கேட்டதும் பட்டு வேட்டியே எடுத்துவிட்டார். பூவிழி மேட்டுப்பாளையம் போய், முட்டி வலிக்கு அன்றைக்கு இலவச மசாஜ் என்று இராமதாஸிடம் சொன்னாள். இவள் முகத்தில் விழிக்காத மனிதர், ஓசி என்றதும் மகளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். முந்தின நாளே பூவிழி ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி வைத்திருந்தாள். இந்த ஊரில் அது ஒன்றுதான் கஷ்டப்படாமல் கிடைக்கும். சும்மா மோந்தால் மூக்கில் எரிச்சல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, வெந்நீரில் பிழிந்த துண்டில் ஊற்றிக்கொண்டாள். அந்தச் சூட்டில் எரிச்சலையும் சூடு என்றே நினைப்பார்.

"எண்ணெயெல்லாம் அப்புறந்தாங்க" என்று ஜானகிராமன் செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "மொதல்ல வாசன. அது மூக்குல ஏறினதும் மனசு அப்டியே எறங்கிடும்."

"எப்பவும் எடுக்கறதுதான் சார். நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று பூவிழி துண்டை நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கி முகத்தைப் புதைத்தார். ஆவியோடு வாடை முற்றம் முழுக்கப் பரவியது. முன்வரிசை அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சனிக்கிழமைதோறும் கொஞ்சம் போட்டுக்கொள்கிற இராமதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆஹா!" என்றார் ஜானகிராமன். "சுத்தமான லாவெண்டர்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பூவிழி, இன்னா இது?" என்று மதாம் பதறி எழுந்தார்.

"பிராந்தி மதாம்." அவள் குரல் உடைந்தது, ஆனால் தாழவில்லை. "சாருக்கு இருவது வருசமா வாசனயே தெரியாது. அவரே எங்கிட்ட சொன்னாரு. பிராந்தியில மூஞ்ச வச்சிகினு லாவெண்டர்ங்கறவரு, எங்க அண்ணன் இளம்பரிதி வாயில சாராய நாத்தம் அடிச்சுதுன்னு எப்டி சொன்னாரு? கேளுங்க மாமா. பொண்ண இஸ்துகினு போனீங்களே, இப்பக் கேளுங்க!"

ஜானகிராமனின் முகம் வெளிறிப் போனது. "நீ... அவந் தங்கச்சியா?"

இராமதாஸ் முட்டி வலியை மறந்து எழுந்தார். துண்டைப் பிடுங்கி ஒருதரம் மோந்தார். "யோவ், எம்மருமவன் வாயில நீ இன்னாத்தய்யா மோந்த?"

அப்போது சரிதா வந்து அவர் எதிரில் நின்றாள். அவள் கத்தவில்லை. "அவரு குடிச்சிருந்தாரா சார்? ஒரே வார்த்த சொல்லுங்க."

"தெரியாதும்மா..."

"தெரியாதா, இல்லயா?"

"இல்ல." நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "குடிக்கல. பொத்தான் கெட்டுப்போயிருந்துச்சு. முன்ன நாளே எங்கிட்ட சொன்னான். நாந்தான் கண்டுக்கல. எவ்வேல போயிடும்னு..."

இத்தனையும் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. சரிதா அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். வயிறு குளிரும் என்று பூவிழி நினைத்திருந்தாள். குளிரவில்லை. ஒரு 'இல்ல'வை வைத்து மூன்று வருஷத்தை எப்படி அடைப்பது? அவளுக்கு இன்னும் வேண்டியிருந்தது.

விழாவைக் கெடுத்தவள் என்று மதாம் அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். போனால் போகட்டும் என்று பூவிழி வீட்டில் இருந்தாள்.

சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாசலில் யாரோ கனைத்தார்கள். ஜானகிராமன். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"மன்னிச்சிடும்மா. நடந்தத அதிகாரிங்ககிட்ட எழுதிக்கூடக் குடுத்துட்டேன்" என்றார். "அந்தப் புட்டியெல்லாம் வாங்கித் தடவிப் பாத்தேன். தூக்கமே வரல. வாசனயா எனக்கு? எல்லாம் ஒங்கைதான். ஒரே ஒரு தரம் புடிச்சி வுடும்மா."

பூவிழி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புடிச்சி விடறேன். உள்ள அண்ணன் சாப்புட்டுகினு இருக்குது. போயி அதுகிட்ட கேளுங்க. சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும், இங்கியே ஒக்கார வச்சிப் புடிச்சி விடறேன்."

அவர் எட்டிப் பார்த்தார். இளம்பரிதி இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிசைய வரவில்லை. சரிதா தட்டு நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜானகிராமன் ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு அதையே திரும்ப மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

"யாரு பூவிழி வாசல்ல?" என்று உள்ளேயிருந்து இளம்பரிதி கேட்டான்.

"தூக்கம் வர்லன்னு ஒருத்தரு வந்தாரு. அனுப்பிட்டேன். நீ சாப்புடுண்ணா" என்றாள்.